மாமா சொல்லும் கதைகளைப் பலகையில் எழுதலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டி, அதாவது படுகர் கிராமம். வீட்டை ஒட்டி மூன்று அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறோம். என் மாமனார் ரொம்ப வருஷம் டூரிஸ்ட் வண்டி ஓட்டியவர். ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார்ந்தால் விருந்தாளிகளுக்கு ஊட்டிக் கதையாகச் சொல்லுவார், அதற்காகவே திரும்ப வருகிறவர்கள் உண்டு. போன மாதம் ஒரு காலேஜ் பையன், மாமா பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் தேடிப் பார்த்து, "தாத்தா, ஸ்னூக்கர் ஜபல்பூர்ல பிறந்தது, நீங்க சொல்றதெல்லாம் தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அதிலிருந்து மாமா நெருப்புப் பக்கமே வருவதில்லை. இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் அந்தக் கதைகளையே பெரிய பலகையில் எழுதி வராந்தாவில் மாட்டப் போகிறேன் என்கிறார். மாமா சொல்பவற்றைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எது சரி, எது தப்பு? தப்பானதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அம்மா, உங்கள் தாளை இரண்டு தடவை படித்தேன். கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மாமா எதையும் சும்மா இட்டுக்கட்டவில்லை. பெரும்பாலான கதைகளில் ஏதோ ஒரு பேர், ஒரு இடம், ஒரு வருஷம் உண்மையாகவே இருக்கிறது, அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வளர்ந்திருக்கிறது. அதனால் "எல்லாம் தப்பு" என்று அந்தப் பையன் சொன்னதும் தப்புதான்.

அவன் ஆரம்பித்த இடத்திலேயே ஆரம்பிக்கலாம். மாமா சொல்வது: ஸ்னூக்கர் ஊட்டி கிளப்பில் பிறந்தது, கண்டுபிடித்தவர் பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின். பையன் சொல்வது: ஜபல்பூர். நடந்தது என்னவென்றால், 1875-இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, மழைக்காலத்தில் பொழுது போகாமல், பில்லியர்ட்ஸ் மேஜையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிறகு அவர் ஊட்டிக்கு வந்தார், 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் அந்த ஆட்டத்தின் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். 1938-இல் வயதான காலத்தில் அவரே ஒரு பத்திரிகைக்கு இதைக் கடிதமாக எழுதினார். ஆக, பிறந்தது ஜபல்பூரில், சட்டதிட்டம் கிடைத்தது ஊட்டியில். பையனுக்குப் பாதி, மாமாவுக்குப் பாதி. ஆனால் பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள். அவரும் நெவில்தான், குழப்பம் அங்கே வந்தது. அவர் பிறந்தது 1869-இல், ஜபல்பூரில் அந்த ஆட்டம் ஆடியபோது அவருக்கு ஆறு வயது! இதை மாமாவிடம் சொல்லிப் பாருங்கள், அவரே சிரிப்பார், அடுத்த தடவை நெருப்பைச் சுற்றி இதையே ஒரு கதையாகச் சொல்லவும் சொல்லுவார். எனக்கென்னவோ பழைய கதையைவிட இது நல்ல கதையாகத் தோன்றுகிறது.

அடுத்தது தாளில் முதல் வரியாக நீங்கள் எழுதியிருப்பது, "1819-இல் சல்லிவன் துரை நீலகிரியைக் கண்டுபிடித்தார், அதற்கு முன் இங்கே வெறும் காடு." பலகைக்குப் போகவே கூடாத வரி ஒன்று உண்டென்றால் இதுதான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலை ஏறியது உண்மை. உங்கள் ஊர்ப் பக்கம் கன்னேரிமுக்கில் அவருடைய நினைவகமே இருக்கிறது, ஊட்டியில் அவர் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் இன்னும் நிற்கிறது, இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் நில உரிமைக்காக சொந்த சர்க்காரோடு மல்லுக்கு நின்றவர் என்ற மரியாதையும் அவருக்கு உண்டு. ஆனால் கண்டுபிடித்தார் என்றால்? வெள்ளைக்காரர் கணக்கிலேயே அவர் முதல் ஆள் இல்லை. 1812-இல் நில அளவைக்காரர்கள் இரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள், 1818-இல் கலெக்டர் அலுவலகத்து உதவியாளர்கள் இரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள். அதற்கும் இருநூறு வருஷம் முன்னால், 1603-இல், கோழிக்கோட்டிலிருந்து பெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் ஏறி வந்து தோடர்களோடு பேசி, எழுதியும் வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பிலேயே படுகர்களும் வருகிறார்கள். கவனியுங்கள், உங்கள் முன்னோர். இன்னும் பின்னால் போனால், 1117-ஆம் ஆண்டு ஒய்சளர் கல்வெட்டு ஒன்று ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படை தோடர்களை மிரட்டியதையும் நீல மலையையும் சொல்கிறது. மிரட்டுவதற்கு அங்கே ஆள் இருந்தால்தானே மிரட்ட முடியும்.

வெறும் காடாகவும் இல்லை. தோடர் எருமை வைத்துப் பாலும் நெய்யும் கொடுத்தார்கள், கோத்தர் இரும்புச் சாமானும் சட்டி பானையும் செய்தார்கள், சாவு வீட்டுக்கு இசையும் அவர்களுடையதுதான், படுகர் தானியம் விளைவித்தார்கள், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள், இப்படி ஒருவரை ஒருவர் நம்பி ஒரு பொருளாதாரமே நடந்துகொண்டிருந்தது. படுக ஹட்டிகள் மைசூர் அரசுக்கு நிலவரி கட்டின. 1799-இல் திப்பு இறந்ததும் அந்த வரிக் கணக்கு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இருபது வருஷமாக வரி வாங்கிக்கொண்டிருக்கும் ஊரை ஒருத்தர் எப்படி அம்மா கண்டுபிடிப்பார்? உங்கள் மாமா இந்தக் கதையை டூரிஸ்ட்டுக்குச் சொல்லும்போது, தன் பாட்டன் பூட்டன் வாழ்ந்த மலையில் ஆளே இல்லை என்று சொல்கிறார் என்பது அவருக்கே தட்டுப்பட்டிருக்காது. கைடு சொன்னதை டிரைவர் கேட்டிருப்பார், கைடு பழைய கையேட்டில் படித்திருப்பார், அந்தக் கையேட்டை எழுதியவனுக்கு வெள்ளைக்காரன் வந்த நாள்தான் முதல் நாள். வேண்டுமானால் "1819-இல் சல்லிவன் வந்த பிறகு இது மலை வாசஸ்தலம் ஆனது" என்று எழுதுங்கள், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

தோடர்கள் அலெக்சாண்டர் படையில் வந்து தங்கிவிட்ட கிரேக்கர்கள் என்பதும் இதே வகை. ஆளுக்கு ஆள் இது மாறும், யூதர்களின் காணாமல்போன கோத்திரம் என்பார்கள், ரோமர் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மலை ஏறிய வெள்ளைக்காரர்கள் தோடர்களின் உயரத்தையும் மூக்கையும் தாடியையும் போர்வையையும் பார்த்துவிட்டு, இவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் போலிருக்கிறார்களே என்று எழுதித் தள்ளினார்கள். ஒரு வேடிக்கை, 1603-இல் பெனிசியோ பாதிரியார் ஏறி வந்ததே, மலைமேல் தொலைந்துபோன கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான். தோடர்கள் என்றாலே எங்கிருந்தோ தொலைந்து வந்தவர்கள் என்ற எண்ணம் அவ்வளவு பழசு. அவர்கள் பேசும் மொழி திராவிட மொழி, கோத்தர் மொழிக்கு நெருங்கிய உறவு. எமனோ என்ற அமெரிக்க மொழியியலாளர் 1930-களில் இங்கேயே தங்கி அதை வரி வரியாகப் பதிவு செய்திருக்கிறார். கிரேக்கமும் இல்லை, எபிரேயமும் இல்லை. பலகையில் தோடர்களைப் பற்றி எழுதுவதாக இருந்தால், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களுடைய சிவப்பு கறுப்புப் பூத்தையலைப் பற்றி எழுதுங்கள். அதைவிட நல்லது, பக்கத்து மந்தில் (தோடர் குடியிருப்பில்) யாரையாவது கேட்டுவிட்டு எழுதுவது. மற்றவர் வீட்டுக் கதையை நம் வராந்தாவில் மாட்டும்போது ஒரு வார்த்தை கேட்பதுதானே முறை.

சரி, சுரங்கப்பாதைக்கு வருகிறேன். குன்னூர் பக்கத்து ஹுலிக்கல் துர்க்கத்திலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை திப்பு சுல்தான் வெட்டியது, குதிரையில் போகலாம், சர்க்கார்தான் மூடிவைத்திருக்கிறது என்கிறார் மாமா. தமிழ்நாட்டில் சுரங்கப்பாதை இல்லாத கோட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாச் சுரங்கமும் மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ மைசூருக்கோதான் போகும், எல்லாவற்றையும் சர்க்கார்தான் மூடியிருக்கும். துர்க்கம் உண்மை, திப்பு காலத்தில் அது காவல் கோட்டையாக இருந்தது என்பதும் சரி. மேலே நின்றால் சமவெளி முழுக்கத் தெரியும், காவல் காக்க வேறென்ன வேண்டும்? சுரங்கத்துக்கு மாமாவின் டிரைவர் அறிவையே கேளுங்கள். மைசூருக்குப் போக கல்லட்டி இறக்கத்தில் எத்தனை தடவை வண்டியை இறக்கியிருப்பார்! மலைக்கும் மைசூர் மேட்டுக்கும் நடுவில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. சுரங்கம் இந்த மலை உயரம் முழுவதையும் உள்ளேயே இறங்கி, ஆற்றுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் ஏற வேண்டும். வெடிமருந்தும் எஞ்சினியர்களும் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் போட 1891-இல் தொடங்கி 1899 வரை ஆனது, நடுவில் ஒரு கம்பெனி திவாலே ஆனது. ஊட்டி வரைக்கும் சேர்த்து எண்ணினாலும் அந்தப் பாதையில் குகைகள் 16-தான், ஒன்றுகூட அரை மைல் இல்லை. அதனால் சுரங்கம் பலகைக்கு வேண்டாம். நெருப்பைச் சுற்றிச் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கும், "அப்படி ஒரு பேச்சு உண்டு" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் போதும்.

ரயிலைப் பற்றி அவர் சொல்வதில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். ரயிலை மேலே ஏற்றும் பல்சக்கரம் ஊட்டி வரை கிடையாது, கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான், ஏற்றம் கடுமையான இடம் அதுதான். ஊட்டி வரை பாதை போனது 1908-இல். யுனெஸ்கோ அங்கீகாரம் 2005-இல், அது சரியாகவே சொல்கிறார்.

மரத்துக்கு வருவோம். "தைல மரங்கள் ஆதிகாலக் காடு" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தப்பு, ஆனால் இதை நம்பாத ஆள் குறைவு, ஏனென்றால் எங்கு பார்த்தாலும் அதுதான் நிற்கிறது. யூகலிப்டஸ் ஆஸ்திரேலியா மரம். 1843 வாக்கில் இங்கே வந்தது, அப்புறம் ஊட்டிக்கும் வெலிங்டன் ராணுவ முகாமுக்கும் விறகு போதாமல் மலை மலையாக நட்டார்கள். சீகை மரமும் ஆஸ்திரேலியாதான், டூரிஸ்ட் படம் எடுக்கும் பைன் காடும் நட்டு வளர்த்ததுதான். அதற்கு முன்னால் மேல்மலை முழுக்கப் புல்வெளி, பள்ளங்களில் மட்டும் ஓடையை ஒட்டிச் சோலை. மரத்தை வெட்டியதால்தான் புல்வெளி ஆனது என்று படித்தவர்களே சொல்வார்கள். சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த மக்கை எடுத்து ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்னாலேயே இங்கே புல் இருந்ததற்குத் தடயம் கண்டிருக்கிறார்கள். எருமை மேய்த்த தோடருக்கு அது மேய்ச்சல், சர்க்கார் பதிவேட்டில் அது தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் மரம் நடத்தானே தோன்றும்? மலையில் தண்ணீர் குறைந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு, புல்வெளி மழையைப் பிடித்து மெல்ல மெல்ல விடும், வேகமாக வளரும் மரம் தானே நிறையக் குடித்துவிடும். பலகையில் இடம் இருந்தால் இதற்குப் பாதி இடம் ஒதுக்கச் சொல்வேன். விருந்தாளிகள் காலையில் நடக்கப் போகும்போது கண்ணால் பார்க்கக்கூடிய சங்கதி இது ஒன்றுதான்.

தைலம் என்றதும் ஒன்று. சளிக்கு இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடிக்கலாம் என்று மாமா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை நிறுத்தச் சொல்லுங்கள். நான் மருத்துவன் இல்லை, இருந்தாலும் இதற்கு மருத்துவனாக இருக்க வேண்டியதில்லை, யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளே போனால் விஷம், குழந்தைகளுக்குக் கொஞ்சம் போனாலே வலிப்பு வரும். கைக்குழந்தையின் மூக்கில் தடவுவதும் கூடாது.

கேத்தி பக்கம் கேரட் தோட்டத்தைக் காட்டி, "தினம் ஒரு கேரட் தின்றால் கண்ணாடியைக் கழற்றிப் போடலாம், சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரப் பைலட் அதைத் தின்றுதான் இருட்டில் ஜெர்மன் விமானத்தைச் சுட்டான்" என்கிறாராம். எனக்கு இந்தத் தாளிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது தானாக வளர்ந்த கதை இல்லை, உட்கார்ந்து திட்டம் போட்டுச் சொன்ன பொய். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களில் ரேடார் வைத்து இரவில் எதிரியைக் கண்டுபிடித்தார்கள். அதை வெளியே சொல்ல முடியாது. எங்கள் பைலட்டுகள் கேரட் தின்கிறார்கள் என்று பத்திரிகையில் வரவிட்டார்கள். அதே நேரம் மற்ற உணவுக்குத் தட்டுப்பாடு, கேரட் மட்டும் நிறைய விளைந்து கிடந்தது, ஜனங்கள் அதைத் தின்னட்டும் என்று சர்க்காரும் விளம்பரம் செய்தது. ஜெர்மன்காரன் நம்பினானோ இல்லையோ, உலகம் நம்பிவிட்டது. இதிலும் ஒரு துளி உண்மை உண்டு, வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அந்தக் குறைக்குக் கேரட் உதவும். குறை இல்லாதவருக்குக் கூடுதல் பார்வை எதுவும் வராது, கண்ணாடியும் இறங்காது. கேரட் விற்கிற ஊரில் இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடம்தான்.

மிச்சத்தை வேகமாகப் பார்த்துவிடலாம். தொட்டபெட்டா தமிழ்நாட்டின் உயரமான சிகரம், 2,637 மீட்டர், சரி. தென்னிந்தியாவிலேயே உயரம் என்பது தப்பு, கேரளத்து ஆனைமுடி 2,695 மீட்டர். ஊட்டி ஏரி இயற்கை ஏரி இல்லை, 1820-களில் சல்லிவன் அணை கட்டித் தேக்கியது. கொடைக்கானல் ஏரியும் அப்படித்தான், 1863-இல் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் உண்டாக்கியது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்பது சரி, 2006, 2018, அடுத்தது 2030. ஆனால் நடுவில் யாராவது குறிஞ்சி பார்த்தேன் என்றால் அவர் பொய் சொல்வதாக மாமா சண்டைக்குப் போக வேண்டாம். குறிஞ்சி இனத்தில் நிறைய வகை உண்டு, வெவ்வேறு கணக்கில் பூக்கும். அப்புறம், விருந்தாளி ஒருவர் "தேசிய மொழி இந்தி தெரியாதா" என்று மாமாவைக் கேட்டதாகக் கடைசியில் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவுக்குத் தேசிய மொழி என்று எதுவும் கிடையாது. அரசமைப்பின் 343-ஆவது பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் அலுவல் மொழி என்றுதான் சொல்கிறது, எட்டாவது அட்டவணையில் தமிழ் உட்பட 22 மொழிகள். இதில் தப்பு விருந்தாளியுடையது, அடுத்த முறை சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

இப்போது மாமாவிடம் எப்படிச் சொல்வது. போனை நீட்டி "பாருங்க மாமா" என்று சொல்லாதீர்கள், அந்தப் பையன் செய்ததும் அதுதான். உங்கள் வீட்டுக்காரர் சொன்னாலும் அப்பா-பிள்ளை ரோஷமாகப் போகும். நீங்களே சொல்லுங்கள், தனியாக இருக்கும்போது, டீ கொடுக்கிற சாக்கில், முதலில் சேம்பர்லின் கதை. அதில் அவருக்குப் பாதி வெற்றி இருக்கிறது. அது இறங்கிய பிறகு சல்லிவன் விஷயம், அதையும் திருத்தமாகச் சொல்லாமல் கேள்வியாக வையுங்கள்: "மாமா, நம்ம ஹட்டி அதுக்கு முன்னாடியே இருந்துச்சாமே, உங்க தாத்தா என்ன சொல்லியிருக்கார்?" அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்று நினைக்கிறேன். பெரிய பெரிய ஆட்களின் கதையாகச் சொல்லிச் சொல்லி, தானே பார்த்ததற்கு மதிப்பில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும். மலையில் வண்டி ஓட்டியவருக்கு 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்து ரோடும் ரயிலும் நின்றது மறந்திருக்குமா? தைல மரமும் சீகையும் ஏற்றிக்கொண்டு சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு இறங்கிய லாரிகள், ஊட்டி பிலிம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த கூட்டம், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள், இதில் எதைப் பற்றியாவது அவரிடம் சொந்தக் கதை இல்லாமல் இருக்காது. அவர் பார்த்ததை எந்தப் பையனும் போனைத் தட்டி மறுக்க முடியாது. ரெக்கார்ட் செய்து வையுங்கள், வருஷம் மட்டும் சரியா என்று பழைய பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

பலகையை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் யார் சொன்னது என்று சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள், "கல்வெட்டு, 1117", "ஊட்டி கிளப், 1882", "மாமா பார்த்தது" என்று. சுரங்கம் கட்டாயம் வேண்டும் என்று வீட்டுக்காரர் அடம்பிடித்தால் "ஊர்ப் பேச்சு" என்று போடுங்கள்.

சாக்லேட் டப்பாவில் "ஊட்டி கோகோவில் செய்தது" என்று ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. ஊட்டிக் குளிரில் கோகோ மரம் வராது, அது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்வது. நீங்கள் வீட்டில் உருக்கி வார்ப்பதாக இருந்தால் "கோத்தகிரியில் எங்கள் வீட்டில் செய்தது" என்று ஒட்டுங்கள். வர்க்கி என்ற மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டத்தை விற்பதாக இருந்தால், ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பலகையில் தாராளமாகப் போடலாம், ஆனால் டப்பாவில் அந்த முத்திரையை ஒட்ட அனுமதி பெற்ற பேக்கரியிலிருந்து வாங்கியதாக இருக்க வேண்டும், விசாரித்துக்கொள்ளுங்கள்.